பூட்டினேனா எலி

கடிதம் எழுதியவர் ஒரு பல் டாக்டர்.

உங்கள் நூல்பொம்மைப் புத்தகத்தின் அட்டையில் இருக்கும் எலியை மூன்று முறை பின்னிவிட்டேன் என்று தொடங்கியிருந்தார். மூன்று முறையும் அது நேராகத்தான் பார்க்கிறது. அது திரும்பிப் பார்க்கிறது என்பதற்காகத்தான் புத்தகத்தையே வாங்கினேன். எண்ணிக்கையில் பிசகு இல்லை. என்னிடம் வேலை செய்யும் நர்ஸையும் எண்ணச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பல்லை எண்ணிப் பழகியவர்கள் நாங்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், நான் இடக்கைக்காரி. அதனால் இருக்குமோ?

கூடவே ஒரு படம். மூன்று எலிகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றன. பாதம் எந்தப் பக்கமோ முகமும் அந்தப் பக்கம். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகள் போல இருந்தன.

புத்தகத்தை எழுதியவள் கடிதத்தை மடித்தாள். பிறகு மறுபடியும் பிரித்தாள்.

கட்டைவிரல் உயரத்துக்கு மேல் அவள் எதையும் பின்னியதில்லை. தும்மல் வந்தும் வராத தவளை, கோபித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் பீட்ரூட், எதையோ மறந்துவிட்டு நடுவழியில் நிற்கும் வாத்து. மேசைமேல் பழைய முட்டை அட்டை ஒன்று இருக்கும். அதன் குழிகளில் காதுகள், கைகள், செருப்புகள் தனித்தனியாகக் கிடக்கும். அண்ணன் அவளைப் பொடிசு என்று கூப்பிடத் தொடங்கியது அவளுடைய உயரத்துக்காக. தொழில் பிறகு வந்து பெயரோடு ஒட்டிக்கொண்டது.

பொம்மையைப் பின்னுவது பாதி வேலை. இன்னொருவர் பின்னும்படி அதை எழுதுவது மீதி. எழுதிய குறிப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் யாராவது ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து, எதையும் கேட்காமல், தாளை மட்டும் பார்த்துப் பின்னிக் காட்ட வேண்டும். அப்போதுதான் தாளில் இருக்கும் ஓட்டை தெரியும். ஆறு வருடமாக அந்த வேலையை இரண்டு மாடி மேலே குடியிருக்கும் அண்ணி செய்துவந்தாள். கூலியும் கேட்டதில்லை, சொன்ன நாளைத் தவறவிட்டதும் இல்லை. தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுப்பாள். 'தவளைக்குக் கழுத்தே இல்லை, மப்ளரை எங்கே கட்ட?' 'பீட்ரூட் என்னைப் பார்த்து முறைக்கிறது, பரவாயில்லையா?'

எலிதான் கடைசி. அதற்குப் பிறகு அண்ணி கொக்கி ஊசியைத் தொடவில்லை.

உருண்டையாகப் பின்னும்போது தொடக்கம் எது, முடிவு எது என்று தெரியாது. அதனால் சுற்று தொடங்கும் கண்ணியில் ஒரு சிவப்பு நூலைச் செருகி வைப்பார்கள். எலியின் சிவப்பு நூல் அதன் இடது காதுக்குப் பின்னால் வரும். காதையும் கண்ணையும் மூக்கையும் படத்தைப் பார்த்து வைத்துவிடலாம். பாதங்களுக்கு மட்டும் எண்ண வேண்டும். சுற்றுக்கு இருபத்துநான்கு கண்ணி. நூலிலிருந்து ஒன்பதாவது கண்ணிக்கு நேர்கீழே பாதங்களின் நடு. அப்படித்தான் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணி எலியை உள்ளங்கையில் வைத்து எடுத்து வந்தாள். பாதங்கள் ஒரு பக்கம் கிளம்பியிருந்தன. முகம் தோளுக்கு மேலாக வேறு பக்கம் பார்த்தது. கையில் பெட்டி.

"இதைப் பாரேன்," என்றாள் அண்ணி. "வாசலை விட்டு எறங்கின பிறகு, வீட்டைப் பூட்டினேனான்னு திரும்பிப் பாக்குது."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அவள் எலியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, கால் தப்பு, ஒன்பது எண்ணவில்லை, பிரித்துவிடுங்கள் என்றாள். எண்ணினேனே என்றாள் அண்ணி. எண்ணியிருந்தால் இப்படி வராது என்றாள் அவள். தப்பு எங்கே என்று பிறகு பார்த்துக்கொள்கிறேன் எனச் சொல்லி போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அண்ணி அங்கேயே உட்கார்ந்து பிரித்தாள். நூல் சுருள் சுருளாக மடியில் விழுந்தது. பஞ்சு தனியாக வந்தது. கடைசியில் சிவப்பு நூல் மட்டும் மிஞ்சியது.

அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட அண்ணன் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். இருபத்துநாலு வரைக்கும் எண்ணத் தெரியாதவளிடம்தான் ஊர் முழுக்க மருந்து வாங்குகிறது என்றான். அண்ணி ஒரு கிளினிக்கின் மருந்து கவுன்டரில் வேலை பார்த்தாள். மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, தட்டையான கத்தியால் தள்ளித் தள்ளி எண்ணி, காகித உறையில் போட்டுக் கொடுக்கும் வேலை. அண்ணன் அந்த ஜோக்கை இரண்டு வருடமாகச் சலிக்காமல் சொன்னான். பழைய ஜோக்கைத் தூக்கிப் போட அவனுக்கு மனசு வராது.

படம் அவளை விடவில்லை. நேராகப் பார்க்கும் தன் எலியைப் பார்த்தாள். அது வெறும் எலி. போனைப் பார்த்தாள், அது ஓர் ஆள். மூன்றாம் நாள், படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கண்ணிகளை எண்ணினாள். பாதம் பதினைந்தாவது கண்ணிக்குக் கீழே இருந்தது. தாளில் ஒன்பதை அடித்துப் பதினைந்து என்று எழுதினாள். மேலே 'பூட்டினேனா எலி' என்று எழுதினாள். அதற்கும் மேலே தன் பெயரை எழுதினாள்.

இரண்டு மாடி ஏறினால் சொல்லியிருக்கலாம். முழங்கால் வலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போது முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

அவள் நூல் வாங்கும் கடைக்காரர்தான் புத்தகத்தை வெளியிட்டார். அட்டையில் அந்த எலிதான். கடையின் பின்னறையில் அவள் எடுக்கும் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பெண்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். அண்ணிக்கும் கொடுத்தார்கள். அண்ணி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எனக்கு வந்த மாதிரியே இருக்கே," என்றாள்.

அறையில் இருந்த எல்லாத் தலையும் திரும்பியது. நூல்கடைக்காரரின் தலையும் திரும்பியது. அவளுக்கு வாய் உலர்ந்தது. உலர்ந்த வாயிலிருந்துதான் அந்த வாக்கியம் வந்தது.

"இல்ல அண்ணி. இது கணக்குப் போட்டுத் திருப்பினது. உங்களோடது சும்மா கோணிக்கிட்டது."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். "அதானே," என்று புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைத்த பிறகு அதே தட்டில் தினமும் சாப்பிட வேண்டியிருப்பதை யாரும் சொல்வதில்லை. எலி நன்றாக ஓடியது. யார் யாரோ பின்னிப் படம் அனுப்பினார்கள். கூலிங்கிளாஸ் போட்ட எலி, மழைக்கோட்டுப் போட்ட எலி. எல்லாமே திரும்பிப் பார்த்தன. திரும்பி அவளைத்தான் பார்த்தன.

அடுத்த குறிப்பை எடுத்துக்கொண்டு மேலே போனபோது அண்ணிக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. அதற்கடுத்ததற்குக் கழுத்துவலி. மூன்றாவது முறை அண்ணி சாக்குச் சொல்லவில்லை. "எனக்கு எண்ண வராதும்மா. வேற யாராவது நல்லா வர்றவங்களாப் பாரு," என்றாள்.

கவுன்டர் விஷயத்தை அவளுக்குச் சொன்னது அண்ணன். ஒரு வாரத்துக்கு முன் மாடிப்படியில் நின்று சொன்னான். அன்று அவன் ஜோக் அடிக்கவில்லை.

பத்தொன்பது வருடமாக ஒரு புகார் இல்லாத கை அது. அண்ணி எதையும் இரண்டு முறை எண்ணத் தொடங்கினாள். பிறகு மூன்று முறை. வரிசை படி வரைக்கும் நீண்டது. கதவு வரை போனவர்களைக் கூப்பிட்டு, உறையைத் திரும்ப வாங்கி, தட்டில் கொட்டி எண்ணினாள். ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது. சரியாக இருப்பதைப் பார்த்த பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருநாள் ஒருவரைத் தெருமுனை வரை துரத்திக்கொண்டு ஓடினாள். அதன் பிறகு அவளை உள்ளே ஸ்டோருக்கு மாற்றினார்கள். பெட்டி பிரித்து அடுக்கும் வேலை. அங்கேயும் அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டே நிற்கிறாளாம்.

"வர்ற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை வேலையை விடறதா எழுதிக் கொடுக்கப்போறா," என்றான் அண்ணன். "பொம்மைக்கு எண்ணினப்பவே தெரிஞ்சு போச்சாம். பொடிசு அன்னைக்கே சொன்னா, நான்தான் கேக்கலைங்கறா."

அவள் அண்ணியின் வயதைக் காரணம் சொன்னாள். தூக்கமின்மையைச் சொன்னாள். கிளினிக்கில் கூட்டம் அதிகம் என்றாள். அண்ணன் தலையாட்டினான். அவளுக்கே அவள் சொன்னது எதுவும் காதில் விழவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கும்போது பல் டாக்டரின் கடிதம் வந்தது.

அவள் முட்டை அட்டையிலிருந்து ஒரு எலித்தலையை எடுத்தாள். சிவப்பு நூலைச் செருகினாள். ஊசியை இடக்கைக்கு மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். இடக்கையால் பின்னினால் சுற்று எதிர்ப்பக்கமாகப் போகும். எண்ணிக்கையும் கூடவே எதிர்ப்பக்கமாகப் போகும். படத்தைப் பார்த்து வைத்த முகம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். பதினைந்தை எதிர்ப்பக்கமாக எண்ணினாள். விரல் முகத்துக்கு நேர்கீழே வந்து நின்றது. டாக்டரின் எலி நேராகப் பார்ப்பது அதனால்தான்.

பிறகு ஒன்பதை அதே பக்கமாக எண்ணினாள். விரல் எங்கே போய் நிற்கும் என்று எண்ணுமுன்பே தெரிந்துவிட்டது. ஆனாலும் எண்ணினாள். வலக்கைக்குப் பதினைந்தாவது கண்ணியாக இருந்த இடத்தில் விரல் நின்றது.

அண்ணி எழுதுவது வலக்கையால், சாப்பிடுவது வலக்கையால். சின்ன வயதில் தட்டித் தட்டி மாற்றிய கை. ஆனால் காய் நறுக்குவது, பெருக்குவது, ஊசியில் நூல் கோப்பது, மாத்திரை தள்ளுவது எல்லாம் இடக்கை. குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். முகத்தில் இருக்கும் மச்சம் போல. தெரிந்ததாலேயே யாரும் பார்ப்பதில்லை.

அண்ணி அன்று ஒன்பதுதான் எண்ணியிருக்கிறாள். ஓட்டை தாளில் இருந்தது. தாளை எழுதியது அண்ணி இல்லை, அவள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது பழமொழி. இங்கே இரண்டும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தன. பழி மட்டும் இரண்டு மாடி ஏறிப் போயிருந்தது.

அவள் கடிதம், தலை, ஊசி, கொஞ்சம் நூல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஏறினாள். ஏறும்போதே ஒன்றைக் கவனித்தாள். இதில் பாதியைச் சொன்னால் போதும். அண்ணி சரியாக எண்ணினாள், தப்பு குறிப்பில் இருந்தது. அவ்வளவுதான் அண்ணிக்குத் தேவை. மீதியை யாரும் கேட்கப்போவதில்லை. முதல் மாடி தாண்டுவதற்குள் அது நியாயமாகவும் தோன்றிவிட்டது.

அண்ணி சமையலறை மேசையில் கோடு போட்ட தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'ஐயா' என்பது வரை எழுதியிருந்தது. அண்ணன் எதிரே இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் கடிதத்தைக் கொடுத்தாள். அண்ணி படித்துவிட்டு, பாவம், டாக்டருக்கும் எண்ண வரவில்லையா என்றாள். அவள் ஊசியையும் நூலையும் மேசையில் வைத்தாள். நான்கு கண்ணி போடுங்கள், நான்கு போதும் என்று கெஞ்சினாள். அண்ணி வேண்டாம் என்றாள். பேனாவைக் கீழே வைத்தாள். ஊசியை எடுத்தாள்.

இடக்கை எடுத்தது. நான்கு கண்ணி விழுந்தது. சுற்று எதிர்ப்பக்கமாகக் கிளம்பியது.

அவள் விளக்கத் தொடங்கினாள். பாதி சொல்லும்போதே அண்ணி எலித்தலையை வாங்கிக்கொண்டாள். சிவப்பு நூலில் நகத்தை வைத்து எதிர்ப்பக்கமாக ஒவ்வொன்றாக எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது. நகம் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பதுதான் எண்ணினேன்," என்றாள்.

"ஆமா அண்ணி."

"நான் சரியாத்தான் எண்ணினேன்."

அண்ணன் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான். அப்போ இத்தனை நாளா நான் சொன்னதெல்லாம் என்றான். உங்களுக்கு அப்புறம் இருக்கு என்றாள் அண்ணி. அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அண்ணி கோடு போட்ட தாளை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலின் கீழே செருகினாள். மேசை ஆட்டத்தை நிறுத்தியது. பிறகு அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"யாரோ எழுதின லெட்டரைப் பாத்து எனக்காக யோசிச்சு, முழங்கால் வலியோட ரெண்டு மாடி ஏறி வந்திருக்கே. கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா."

அவள் கையை உருவிக்கொண்டாள். நேரமாகிறது என்றாள். கிளம்பினாள். வாசலில் ஒரு காலில் செருப்பைப் போட்டாள். இன்னொன்றையும் போட்டாள். உள்ளே அண்ணி அண்ணனிடம் ஒன்பதுக்கும் பதினைந்துக்கும் உள்ள உறவை விளக்கிக்கொண்டிருந்தாள். மாடிப்படியின் பக்கம் திரும்பிய காலோடு அவள் கொஞ்ச நேரம் நின்றாள்.

"அண்ணி," என்றாள்.

"சொல்லு."

"அட்டையில இருக்கிறது நீங்க பின்னினதுதான். கணக்கெல்லாம் போடலை. உங்க எலியைப் போட்டோ எடுத்தேன் இல்ல, அதைப் பாத்துத்தான் எண்ணி எழுதினேன். பூட்டினேனான்னு சொன்னதும் நீங்கதான். நான் ஒண்ணும் பண்ணலை."

அண்ணன் பிளக்கை எடுத்து அதன் மூன்று கம்பியையும் உற்றுப் பார்த்தான்.

"அப்போ அன்னைக்கே உனக்கு அது பிடிச்சிருந்துதா?" என்றாள் அண்ணி.

"பிடிச்சிருந்துது."

"பிடிச்சிருந்தும் பிரிக்கச் சொன்னே."

அவள் செருப்பைக் கழற்றினாள்.

"நான் பிரிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தே."

சமையலறைக் குழாய் சொட்டியது. அண்ணி எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு வந்தாள். அடுத்த பதிப்பில் உங்கள் பெயரைப் போடுகிறேன், முதல் பக்கத்திலேயே போடச் சொல்கிறேன் என்று அவள் சொல்லத் தொடங்கினாள். அண்ணி கையை உயர்த்தினாள்.

"பேர் கெடக்கட்டும். புத்தகத்துல யார் வேணா என்ன வேணா எழுதலாம். கோணிக்கிட்டதுன்னு நீ வாயாலதானே சொன்னே. யார் யார் முன்னாடி சொன்னியோ, அவங்க முன்னாடி வாயால சொல்லு."

சனிக்கிழமை வகுப்புக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அன்று சிரித்தவர்களில் ஆறு பேர் இருந்தார்கள். நூல்கடைக்காரர் கதவில் சாய்ந்து நின்றார். அண்ணி பின்னால், நூல் கண்டுகளின் அலமாரி ஓரமாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்பு எடுப்பவள் எழுந்து நின்று சொன்னாள். நான்கு வாக்கியம். வீட்டில் பத்து எழுதி வைத்திருந்தாள். மற்ற ஆறும் காரணங்கள். அவற்றைச் சொல்லவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி, இதெல்லாம் சகஜம்தானே, குடும்பத்துக்குள்ளே என்ன என்றாள். அந்த ஆறுதல்தான் அவளை அதிகம் சுட்டது. நூல்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியென்றால் புத்தகத்தில் இடக்கைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வரி போட வேண்டுமே, அதை யார் சரிபார்ப்பது என்று கேட்டார். கேட்டது அவளிடம். பார்த்தது அண்ணியை.

"இங்க இடக்கைக்காரங்க யாராவது உண்டா?" என்றாள் அண்ணி.

ஒரு பெண் தயங்கிக் கையைத் தூக்கினாள். தனக்கு எந்தப் பொம்மையும் சரியாக வந்ததில்லை, தன் கைதான் ராசியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அண்ணி நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வகுப்பு முடியும் வரை அங்கேயே இருந்தாள். வகுப்பு எடுப்பவளின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அண்ணி வேலையை விடவில்லை. இரண்டு மாதம் ஸ்டோரில் இருந்துவிட்டுக் கவுன்டருக்குத் திரும்பியதாக அண்ணன் சொன்னான். மாடியில் அவளைப் பார்த்தால் தலையசைப்பாள். மழை வருமா என்பது போல ஏதாவது கேட்பாள். குறிப்புகளை அண்ணியிடம் கொண்டுபோக அவளுக்குக் கால் எழவில்லை. அந்த வேலையை இப்போது பல் டாக்டர் செய்தார். அவர் ஓரத்தில் எதுவும் எழுதுவதில்லை. 'சரி' என்று மட்டும் எழுதுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்கு மணிக்கட்டு வீங்கியது. வேறு கிளினிக்குக்குப் போயிருக்கலாம். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கவுன்டரின் வரிசையில்தான் நின்றாள். அவளுக்கு முன்னால் ஐந்து பேர். வரிசை வேகமாக நகர்ந்தது.

அண்ணி சீட்டை வாங்கிப் படித்தாள். தட்டில் மாத்திரைகளைக் கொட்டினாள். இடக்கையில் தட்டையான கத்தி. இரண்டு இரண்டாகத் தள்ளினாள். ஒரே முறை. உறையில் போட்டு வாயை மடித்தாள். மேலே காலை ஒன்று, இரவு ஒன்று என்று வலக்கையால் எழுதினாள்.

"சாப்பிட்ட பிறகு போடுங்க," என்றாள்.

கவுன்டரில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வாள். அவளிடம் இதுவரை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. பொடிசு என்பாள், இல்லையென்றால் நீ என்பாள்.

"சரி அண்ணி."

அண்ணி அவளுக்குப் பின்னால் நின்றவரின் சீட்டுக்குக் கையை நீட்டினாள்.

அவள் உறையைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போயும் மாத்திரைகளை எண்ணிப் பார்க்கவில்லை.